இலையில் மிஞ்சும் கரி

விழாத் தலைவர் அவர்களே, வார்டு வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இடமும் கொடுத்து மைக்கும் கொடுத்த மண்டப உரிமையாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் கால் மணி நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட நண்பர் அவர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் முறுக்கு கடிக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

‘அன்றாட உணவில் கார்பன்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்தி சொல்கிறேன். சாப்பாட்டுக்குள் எவ்வளவு கார்பன், அதை விளைவிக்க எவ்வளவு புகை, மிச்சம் எங்கே போகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அதுதான் வழி. முதலில் தண்ணீரைக் கழியுங்கள், அதில் கார்பன் கிடையாது. மிச்சத்தில் மாவுச்சத்து என்றால் எடையில் 44 சதவீதம் கார்பன், புரதம் என்றால் ஏறக்குறைய 53, எண்ணெய் என்றால் முக்கால் பங்கு. சர்க்கரைக்கு நீங்களே போடலாம்: மூலக்கூறு எடை 342, அதில் கார்பன் 144, ஆக 42 சதவீதம். எந்தப் பண்டத்தில் எந்தச் சத்து எவ்வளவு என்பதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் அட்டவணையாகவே போட்டிருக்கிறது.

வீட்டில் 100 கிராம் சோற்றைத் தட்டில் பரப்பி மொட்டை மாடியில் காயவைத்தேன். மூன்றாம் நாள் தட்டை ஆட்டினால் கலகலவென்று சத்தம். 33 கிராம். ஒட்டியிருக்கும் ஈரத்தைத் தள்ளினால் 30. அதில் 13 கிராம் கார்பன்.

வாத்தியாராக இருந்தபோது இதையே இட்லியில் செய்தேன். நான்கு இட்லியை எடைபோட்டு, சாக்பீஸால் எண் எழுதிய தட்டுகளில் ஆய்வகத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். காலையில் திறந்தால் மூன்றுதான். பூட்டு உடையவில்லை. எலி என்றால் சிந்தியிருக்குமே, தட்டு துடைத்த மாதிரி இருக்கிறது! வகுப்பில் கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் மெதுவாக எழுந்தான். சாவி எடுத்து வரும் பையன் அவன்தான். “சார், நீங்கதானே ஒரு சோறு பதம்னு சொன்னீங்க. நான் பதம் பார்த்தேன் சார்.” எப்படி இருந்தது என்றேன். “சட்னி இல்ல சார்.” அடிக்கக் கை ஓங்கினவன் சிரித்துவிட்டேன். இன்றைக்கு அவன் பெரிய சமையல் கான்ட்ராக்டர்.

அவன் சமைத்த கல்யாணத்துக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. ஆயிரம் இலை. இலைக்கு 50 கிராம் சோறு மிஞ்சினால் 50 கிலோ. அதில் ஆறரைக் கிலோ கார்பன். நெல் அதைக் காற்றிலிருந்துதான் எடுத்தது. கரியமில வாயுவாகத் திரும்பினால் எடுத்த கடன் அடைந்தது. ஆனால் குப்பைமேட்டின் அடியில், காற்றுப் படாமல் அழுகினால் ஏறத்தாழப் பாதி மீத்தேனாகிறது. எடைக்கு எடை பார்த்தால் நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் 28 மடங்கு சூடேற்றும். முழுதும் மக்கினால் நாலேகால் கிலோ மீத்தேன், அதாவது 120 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரே பந்தி! மற்ற மண்டபங்களை நான் எண்ண வேண்டுமா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

அதே மீத்தேனைக் கலத்தில் பிடித்தால் அடுப்பு எரியும். சாண எரிவாயுக் கலன் நம் தாத்தா காலத்து வித்தைதான். நகர்மன்றத் தலைவர் பக்கத்திலேயே இருக்கிறார், அதனால் கேட்டுவிடுகிறேன். ஐயா, சந்தைக்குப் பின்னால் ஐந்து சென்ட் இடம். மூன்று வருடமாகக் கேட்கிறேன். மண்டபக்காரர்கள் எச்சில் இலையையும் சோற்றையும் பிரித்துக் கொடுக்கத் தயார். உரிமையாளர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது செய்தி, விளைவிக்கும் புகை… தலைவர் மணி அடித்துவிட்டார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், போன கூட்டத்தில் வைத்ததை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். நன்றி, வணக்கம்.