பூரிம் பண்டிகையின் உயிர் சிரிப்பில்தான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘பூரிம் பண்டிகையின் உயிர் வழிபாட்டிலா, சிரிப்பிலா?’ என்பது தலைப்பு. சிரிப்பில்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

யூதர்களைப் பூண்டோடு அழிக்க நாள் குறித்தவன் ஆமான், பாரசீக அரசன் அகாஸ்வேருவின் அமைச்சன். எஸ்தர் ராணியும் அவளை வளர்த்த மொர்தெகாயும் அந்தச் சதியை முறியடித்தார்கள். அதற்கான கொண்டாட்டம்தான் பூரிம்.

எதிரணித் தோழி கேட்டார்: “முந்தின நாள் நோன்பு, அப்புறம் ஜெப ஆலயத்தில் இந்தக் கதையைச் சொல்லும் எஸ்தர் சுருளை முழுக்க வாசிக்கிறார்கள். இதில் சிரிப்புக்கு ஏது இடம்?” அம்மா, அந்த வாசிப்பு நடக்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள்! ‘ஆமான்’ என்ற பெயர் வந்ததுமே பிள்ளைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றுகிறார்கள், பெரியவர்கள் தரையை உதைக்கிறார்கள். ஒரு சொல்கூட காதில் விழாமல் போகக் கூடாது. அதனால் வாசிப்பவர் சத்தம் அடங்கும்வரை காத்திருக்கிறார். ஆமானின் பத்துப் பிள்ளைகளின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும். வழிபாடே கூத்தோடுதான் நடக்கிறது!

கதையும் அப்படித்தான். “நான் கௌரவிக்க விரும்புகிறவனுக்கு என்ன செய்யலாம்?” என்று அரசன் கேட்கிறான். தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அரச உடை, அரசன் ஏறும் குதிரை, ஊர்வலம் என்று அடுக்குகிறான் ஆமான். “சரி, அதையெல்லாம் மொர்தெகாய்க்குச் செய்” என்கிறான் அரசன். மொர்தெகாயைத் தொங்கவிட மரம் நட்டு வைத்தவனே, அவர் ஏறிய குதிரைக்கு முன்னால் புகழ்பாடிக்கொண்டு போகிறான்!

துன்பப்பட்டவர்களுக்குச் சிரிப்பு எதற்கு என்றும் கேட்டார்கள். ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க், ஹிட்லர் 1924-இல் சிறையிருந்த ஊர். வதைமுகாம்களிலிருந்து பிழைத்து வந்தவர்கள் 1946-இல் அங்கேயே, அகதி முகாமில், ஹிட்லர் வேடம் போட்டுப் பூரிம் கொண்டாடினார்கள். குடும்பத்தைப் பறிகொடுத்தவர்கள் ஐயா அவர்கள்! அந்தச் சிரிப்பை விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பொறுப்பில்லாத கும்மாளமும் இல்லை இது. பூரிம் அன்று குறைந்தது இரண்டு ஏழைகளுக்காவது தானம் கொடுத்தே ஆக வேண்டும். விருந்தைவிட அதற்கே கூடுதலாகச் செலவிடச் சொன்னார் 12-ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிதிஸ். ஏழைகள், அனாதைகள், விதவைகள் மனதை மகிழ்விப்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி கிடையாது என்பது அவர் தரும் காரணம். பாருங்கள் நடுவர் அவர்களே, சட்டம் எழுதியவரே மகிழ்ச்சியைத்தான் காரணமாகக் காட்டுகிறார். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.