அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் நான் பின்தங்கிவிடுவேனா?

சரி, அடுத்த கேள்வி. சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். இரண்டாம் தடவை உயர்தரம் எழுதுகிறாராம், கணிதப் பிரிவு. கூடப் படிக்கிற இரண்டு மூன்று பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் வீட்டில், "முதலில் உன்ரை அலுவலைப் பார், அவங்களும் உன்னோடை போட்டிக்குத்தானே நிக்கிறாங்கள்" என்று ஏசுகிறார்களாம். பொதுநலம் பார்க்கிறவன் முன்னேற முடியாதா, நல்ல சூழல் கிடைத்தவர்களுக்கு மட்டும்தானா வெற்றி என்று கேட்கிறார்.

தம்பி, வீட்டாரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் அகில இலங்கைத் தகுதி வரிசைக்கு 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம் என்றுதான் பொதுவாக இடங்கள் பிரிகின்றன. அதனால் பக்கத்தில் இருக்கிறவன் எதிராளியாகத் தெரிவான். ஆனால் உங்கள் இசட் புள்ளி, அதாவது பாடப் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிக் கணிக்கும் அனுமதிப் புள்ளி, நிற்பது மாவட்டம் முழுக்க எழுதுகிறவர்களோடு. அந்த மூன்று பேருக்கு ஒளித்துப் படித்து இடம் பிடிக்க முடியாது.

அதைவிட, சொல்லிக்கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பகுதிகளாகத் தொகையிடும் கணக்கொன்றைச் செய்து காட்டுகிறீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவன், "ஏன் மடக்கையை வகையிட எடுத்தாய், மற்றதை ஏன் எடுக்கேல்லை?" என்கிறான். ரியூசனில் சேர் அப்படிச் செய்தார், நீங்களும் செய்தீர்கள், காரணம் யோசித்ததே இல்லை. பேனை அந்த இடத்தில் நின்றுவிடும். பரீட்சை மண்டபத்தில் நிற்க இருந்தது இங்கேயே நின்றது உங்களுக்கு எவ்வளவு நல்லது!

ஆனால் அவனுக்காக ஒப்படை எழுதிக்கொடுப்பதும், கூப்பிட்ட நேரமெல்லாம் எழுந்து போவதும் உதவியில்லை. அதில் அவனும் படிக்கவில்லை, நீங்களும் படிக்கவில்லை.

சூழல் என்றீர்களே, எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுங்கள். 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் வைத்தே மற்றவர்களுக்குப் புத்தகம் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில், 844 புத்தகங்களோடு அது நூலகமானது. வீட்டில் புத்தகம் வாங்க வசதியில்லாத எத்தனை பிள்ளைகள் அங்கே இருந்து படித்து மேலே வந்தார்கள்! அந்தச் சூழல் தானாகக் கிடைத்ததில்லை, தம்பி. உங்கள் மூன்று பேருக்கும் அப்படியொன்றை நீங்களே தொடங்கலாம்.

காலையும் இரவும் உங்களுக்கு. பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஊர் வாசிகசாலையில் உட்கார்ந்து ஒரு பாஸ்ட் பேப்பரை எடுங்கள், ஆளுக்கொரு வினாவை மற்றவர்களுக்கு விளக்குங்கள். பரீட்சை நெருங்கும்போது அதையும் குறைத்துக்கொள்ளலாம். இதை நேரசூசியாக எழுதி அம்மாவிடம் காட்டுங்கள். எந்த நேரம் யாருக்குப் போகிறது என்று தெரிந்தால் அவரும் ஏசமாட்டார்.