பீலித் தண்ணீர் போல ஒரு கடல்: கலாபகோஸில் சுழியோட நினைப்பவர்களுக்கு

[காட்சி: விடியற்காலை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பனிக்குள் லயத்துக் கூரை மட்டும் தெரிகிறது.]

வணக்கம். ஜூலை மாதம், காலை ஆறு மணி. எனக்கு எதிரே ஒரு மலை இருக்கிறது. பனி மூடியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கூடையோடு அதற்குள் நடப்பார்கள். நாலு எட்டு வைத்ததும் மறைந்துபோவார்கள்.

இதே ஜூலையில், பூமியின் மறுபக்கத்தில், பூமத்திய ரேகையின் மேலேயே இருக்கும் ஒரு தீவுக்கூட்டத்திலும் இப்படித்தான் பனித்தூறல் இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே அதற்குக் 'கரூவா' என்று பெயர். ஸ்பானியச் சொல். நாம் கறிக்குப் போடும் கறுவாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தத் தீவுகள்தான் கலாபகோஸ். தென்னமெரிக்காவின் ஈக்குவடோர் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1000 கிலோமீற்றர், பசுபிக் கடலின் நடுவே.

நான் நிலாவெளியில் சுழியோடக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "கடலுக்குள்ள குளிராதாடா?" "இல்ல பெரியம்மா, சுடுதண்ணி மாதிரி இருக்கும்" என்றேன். நிலாவெளிக்கு அந்தப் பதில் சரி. கலாபகோஸுக்குச் சரிவராது. அந்தக் கடலில் எந்த விலங்கு எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது, எந்த மாதம் போனால் பார்க்கலாம் என்பது எல்லாம் பெரியம்மாவின் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

[காட்சி: வரைபடம். இலங்கையிலிருந்து கலாபகோஸுக்கு நகர்கிறது.]

முதலில் நிலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நம் மலைகள் எரிமலைகளா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. மலையகத்தின் பாறை 50 கோடி வருடங்களுக்கும் மேல் பழமையானது. பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறி மேலே வந்தது. கலாபகோஸ் அதன் முன் குழந்தை. கடலடியில் ஓரிடத்தில் கொதிப்பு இருக்கிறது. அதற்கு மேலே பூமியின் ஓடு கிழக்குப் பக்கமாக மெதுவாக நகர்கிறது. அதனால் மேற்கே இருக்கும் தீவுகள் இளையவை, கிழக்கே இருப்பவை மூத்தவை. மேற்கு ஓரத்து ஃபெர்னாண்டினா தீவு 2024 மார்ச்சில்கூட வெடித்தது. தீவுகளில் மிக உயரமான இடம் இசபெலா தீவின் வொல்ஃப் எரிமலை, 1707 மீற்றர். நம் நுவரெலியா நகரம் அதைவிட உயரம், 1868 மீற்றர். ஆனால் அந்த எரிமலைகளின் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருக்கிறது. சுழியோடிக்கு அந்தப் பகுதிதான் முக்கியம்.

ஏனென்றால் அந்தச் சுவரில்தான் குளிர்நீர் வந்து மோதுகிறது.

[காட்சி: கடலின் குறுக்குவெட்டுப் படம். மேலே ஒரு அம்பு மேற்கே போகிறது. கீழே இன்னொரு அம்பு கிழக்கே வருகிறது.]

பூமத்திய ரேகையில் கடலின் மேல்தண்ணீரைக் காற்று மேற்கே தள்ளிக்கொண்டு போகிறது. அதற்கு அடியில், நேர் எதிராக, ஒரு நீரோட்டம் கிழக்கே வருகிறது. குரொம்வெல் நீரோட்டம் என்பார்கள். வெயில் படாத தண்ணீர், அதனால் குளிர். பசுபிக்கில் அவ்வளவு தூரம் தடையில்லாமல் வந்து, கடைசியில் ஃபெர்னாண்டினா, இசபெலா தீவுகளின் அடிச்சுவரில் முட்டி மேலே ஏறுகிறது.

மேலே வரும்போது அது வெறும் தண்ணீராக வருவதில்லை. கடலில் செத்தது எல்லாம் ஆழத்துக்குப் போய் மக்குகிறது அல்லவா, அந்தச் சத்தையும் கொண்டுவருகிறது. தோட்டத்தில் உரம் போட்டதும் கொழுந்து எப்படிக் கிளம்பும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடலுக்கு அந்த உரம் ஆழத்தில் கிடக்கிறது. மேலே வெயில் இருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி பெருகுகிறது. அதைத் தின்னச் சின்ன மீன், சின்ன மீனைத் தின்னப் பெரியது.

தெற்கிலிருந்து ஹம்போல்ட் என்ற இன்னொரு குளிர் நீரோட்டமும் வருகிறது. வடகிழக்கே பனாமா பக்கமிருந்து வருவது சூடானது. இந்த மூன்றும் கலக்கும் இடம் அது. ஆகவே ஒரே தீவுக்கூட்டத்துக்குள் ஒரு மூலையில் பென்குயினும் இன்னொரு மூலையில் பவளமும் இருக்கின்றன. கரூவாப் பனிக்கும் காரணம் இந்தக் குளிர்க்கடல்தான். நம் பனி தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் மலையில் முட்டுவதால் வருவது. அவர்களுடையது குளிர்ந்த கடல் தன் மேல் கிடக்கும் காற்றைக் குளிரவைப்பதால் வருவது.

[காட்சி: கறுப்பு எரிமலைப் பாறை. அதே நிறத்தில் பல்லி போன்ற உருவங்கள் அசையாமல் கிடக்கின்றன.]

எனக்கு மிகவும் பிடித்த விலங்கு இது. கடல் இகுவானா. பார்வைக்கு உடும்பு போல இருக்கும், ஆனால் இறைச்சி தின்னாது. உலகத்தில் கடலுக்குள் இறங்கி மேயும் பல்லியினம் இது ஒன்றுதான், இந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லை.

இதன் வாழ்க்கை முழுக்கக் குளிரோடு போடும் கணக்கு. பல்லி தன் உடம்பைத் தானே சூடாக்க முடியாது. உணவோ குளிர்ந்த தண்ணீருக்குள் பாறையில் ஒட்டிய பாசி. எனவே வெயிலில் கிடந்து உடம்பைச் சூடேற்றுகிறது. கறுப்பு நிறம் அதற்கு உதவுகிறது. சூடேறியதும் கடலில் இறங்கிச் சில நிமிடங்கள் பாசியைச் சுரண்டித் தின்கிறது. உடம்பு சில்லிட்டுக் கால்கள் மந்தமாவதற்குள் கரையேற வேண்டும். ஆழத்துக்குப் போவது பெரிய ஆண்கள்தான். சின்னவையும் பெண்களும் நீர் வற்றும் நேரத்தில் கரையோரப் பாறையில் மேய்கின்றன. சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். தின்றதோடு சேர்த்து விழுங்கிய உப்பை மூக்கு வழியாகப் பீய்ச்சி வெளியேற்றும். சில இகுவானாக்களின் தலை வெள்ளையாக இருப்பது அந்த உப்புக் காய்ந்ததால்தான்.

தண்ணீருக்குள் இதைப் பார்க்க ஃபெர்னாண்டினாவின் டக்ளஸ் முனைக்குப் போவார்கள். ஆழம் குறைவு, அலை முன்னும் பின்னும் இழுக்கும். இகுவானா நான்கு நகத்தாலும் பாறையைப் பற்றிக்கொண்டு மேயும்போது நீங்கள் அதன் முன்னால் போய் நிற்காதீர்கள். மூச்சை அடக்கி வந்திருக்கும் விலங்கு. உங்களைச் சுற்றிக்கொண்டு போக அதற்கு நேரம் இல்லை. கலாபகோஸ் தேசியப் பூங்காவின் விதிப்படி எந்த விலங்கிடமிருந்தும் 2 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும்.

இதே மேற்குப் பக்கத்தில்தான் கலாபகோஸ் பென்குயினும் இருக்கிறது. மற்ற எந்தப் பென்குயினும் இவ்வளவு வடக்கே வாழ்வதில்லை. பெரும்பாலானவை இசபெலாவிலும் ஃபெர்னாண்டினாவிலும் உள்ளன, குளிர்நீர் ஏறும் அதே இடம். அங்கே ஒரு நீர்க்காகமும் உண்டு. நம் நீர்த்தேக்கங்களில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயுள்ளதும் அப்படியே விரித்துக் காய்கிறது, ஆனால் அந்தச் சிறகால் பறக்க முடியாது. கரையில் துரத்த எதுவும் இல்லை, உணவு காலடியிலேயே கிடைக்கிறது; தலைமுறை தலைமுறையாகச் சிறகு குறுகிவிட்டது.

இசபெலாவின் வின்சென்ட் ரோக்கா முனையில் மோலா என்ற சூரியமீன் வரும். வட்டத் தட்டு மாதிரி, வால் வெட்டுப்பட்டது போன்ற பெரிய மீன். இங்கே தண்ணீர் 16 பாகை வரைக்கும் இறங்கும். காலையில் பீலியில், அதாவது மலைத்தண்ணீர் கொட்டும் குழாயடியில், குளித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும். ஆனால் பீலியில் ஐந்து நிமிடம் நிற்கிறோம். அங்கே 45 நிமிடம் இருக்க வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். நிலாவெளிக்குப் போட்ட மெல்லிய உடை போதாது. 7 மில்லிமீற்றர் வெட்சூட், தலைமூடி, கையுறை மூன்றும் வேண்டும்.

நடுத்தீவுகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். சாந்தா குரூஸ் பக்கம் கோர்டன் பாறைகள். கொம்பன் சுறா, திருக்கை, ஆமை. பல இடங்களில் கடற்சிங்கக் குட்டிகள் உங்கள் காற்றுக்குமிழைத் துரத்தி விளையாடும். வளர்ந்த ஆண் கடற்சிங்கம் குறுக்கும் மறுக்கும் போனால் விலகிவிடுங்கள், அது தன் எல்லையைக் காட்டுகிறது. மணலில் சிவப்புச் சாயம் பூசியது போன்ற உதட்டோடு ஒரு தட்டை மீன் துடுப்பால் நடக்கும். வௌவால் மீன் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சந்தையில் விற்கும் வௌவால் வேறு.

[காட்சி: நீல வெறுமை. அதற்குள் ஒரு நிழல், பிறகு பத்து, பிறகு நூறு.]

சரி, வடக்கே போவோம். டார்வின், வொல்ஃப் என்று இரண்டு குட்டித் தீவுகள். முன்பு சொன்ன வொல்ஃப் எரிமலை வேறு, இது வேறு. மற்றத் தீவுகளிலிருந்து ஒரு இரவு முழுக்கக் கப்பல் ஓட வேண்டும். ஆள் குடியிருப்பு இல்லை, பயணிகள் கரையிறங்கவும் முடியாது. கப்பலிலேயே தங்கித்தான் சுழியோடலாம். டார்வின் தீவின் முன்னால் இருந்த கல்வளைவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2021 மே 17ஆம் திகதி அதன் மேற்பகுதி இடிந்து விழுந்தது. இப்போது இரண்டு தூண்கள் நிற்கின்றன. தண்ணீருக்கு அடியில் மீன் கூட்டம் கலையவில்லை.

2016இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரு தீவுகளைச் சுற்றி ஹெக்டேருக்கு 17 டன்னுக்கும் மேல் மீன் இருப்பதாகக் கணக்கிட்டது. ஹெக்டேர் என்றால் இரண்டரை ஏக்கர். அந்த எடையில் பெரும்பங்கு சுறா. பெரும்பாலும் கொம்பன் சுறா, சுத்தியல் தலையோடு நூற்றுக்கணக்கில் வரும். பகலில் இங்கே கூட்டமாகச் சுற்றுகின்றன, இரவானதும் வேட்டைக்குத் திறந்த கடலுக்குப் பிரிந்து போகின்றன. பகலில் நடக்கும் முக்கியமான வேலை சுத்தம். சின்ன மஞ்சள் மீன்கள் பாறையிலிருந்து எழுந்து போய்ச் சுறாவின் தோலில் ஒட்டிய புழுபூச்சியைக் கொத்தி எடுக்கும்; சுறா வேகத்தைக் குறைத்து இடம் கொடுக்கும்.

அதைப் பார்க்க நீங்கள் நீந்தக் கூடாது. வழிகாட்டி சொன்னதும் படகிலிருந்து விழுந்து, மேலே மிதக்காமல் நேரே இறங்கி, 15 அல்லது 20 மீற்றரில் பாறையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்து இருக்க வேண்டும். நீரோட்டம் இழுக்கும். பாறையில் ஒட்டிய சிப்பி கையைக் கிழிக்கும், கையுறை அதற்கும்தான். மூச்சை நிதானமாக விடுங்கள். பதறிப்போய்ப் பெரிய குமிழிகளை விட்டால் கொம்பன் சுறா விலகிவிடும். இது கடிக்க வரும் விலங்கு அல்ல, கூச்சப்படும் விலங்கு. உலகம் முழுவதும் அருகிப்போய், மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

ஜூன் முதல் நவம்பர் வரை டார்வினில் திமிங்கலச் சுறாக்கள் கடந்துபோகும். பெரும்பாலும் பெரிய பெண்கள், 10 மீற்றருக்கும் மேல், ஒரு சீ.ரி.பி. பஸ்ஸின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிறு பருத்திருக்கும், கர்ப்பமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எங்கே போய்க் குட்டி போடுகின்றன என்பதை இன்னும் யாரும் கண்டதில்லை. ஓரிரு நாளுக்கு மேல் அவை நிற்பதில்லை.

நமக்குச் சுறா என்றால் கருவாடுதான். மலைக்குக் கடல் வந்து சேர்வது நெத்தலியாகவும் மாசியாகவும் கருவாடாகவும்தானே. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கும் கூட்டத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே இந்த வீடியோவைச் செய்தேன். 2016 முதல் இந்த இரு தீவுகளையும் சுற்றி எந்த மீன்பிடியும் கூடாது என்று ஈக்குவடோர் சட்டம் போட்டிருக்கிறது. அதற்கு முன்பே, 1998இல், தீவுகளைச் சுற்றி 1,33,000 சதுர கிலோமீற்றர் கடல் காப்பகமாக்கப்பட்டது. இலங்கையின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்கு.

[காட்சி: அதே பாறை. பாசி இல்லை. இகுவானாக்களின் முதுகெலும்பு தெரிகிறது.]

குளிர் நின்றுபோனால் என்ன ஆகும்? அதுவும் நடந்திருக்கிறது. எல் நினோ வருடங்களில் காற்று தளர்கிறது, மேற்கிலிருந்து சூடான தண்ணீர் திரும்பி வந்து மூடிக்கொள்கிறது, ஆழத்து உரம் மேலே வருவதில்லை. 1982, 83இல் பென்குயின்களில் 77 வீதம் அழிந்தன. பவளத்தில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. இந்தத் தீவுகளுக்கே உரிய ஒரு சின்னப் பாறை மீன் அந்த எல் நினோவுக்குப் பிறகு கண்ணில் படவே இல்லை.

இகுவானா செய்வதை முதலில் படித்தபோது நான் இரண்டு தடவை படித்தேன். பட்டினியில் அது மெலிவதோடு நிற்பதில்லை, நீளமே குறைகிறது. எலும்பும் சேர்த்து, சிலவற்றில் 20 வீதம் வரை. சின்ன உடம்புக்குச் சின்ன இரை போதும். பாசி திரும்ப முளைத்ததும் மறுபடி வளர்கிறது.

ஆகவே பணம் கட்டும் முன் அந்த வருடம் எல் நினோவா என்று பாருங்கள். சுறாவும் திமிங்கலச் சுறாவும் வேண்டுமென்றால் ஜூன் முதல் நவம்பர். குளிர், பனி, ஆட்டம் போடும் கடல். டிசம்பர் முதல் மே வரை தண்ணீர் சூடு, கடல் அமைதி. 2024 ஓகஸ்ட் முதல் வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 200 டொலர். 50 தடவையாவது சுழியோடியிருக்காமல் டார்வினுக்குப் போகாதீர்கள்.

[காட்சி: மீண்டும் ஹட்டன். வளைந்து ஏறும் வீதி.]

கடைசியாக, மலைநாட்டுக்காரர்களான நமக்கே உரிய ஒரு விஷயம். ஆழத்தில் மூச்சு விடும்போது நைதரசன் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகும் பல மணி நேரம் அது உள்ளே இருக்கும். அந்த நேரத்தில் உயரத்துக்குப் போனால் காற்றழுத்தம் குறைந்து, சோடாப் போத்தலைத் திறந்தது போலக் குமிழியாகிவிடும். விமானத்துக்கு மட்டும்தான் இந்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். 600 மீற்றருக்கு மேல் எந்த மலைக்கும் இது பொருந்தும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான்.

எனக்கு இது அனுபவம். நிலாவெளியில் காலையில் இரண்டு தடவை இறங்கிவிட்டு மத்தியானமே வேனில் ஏறினேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கினிகத்தேனை தாண்டியதும் தோள்பட்டையில் ஒரு வலி பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. உங்களுக்கு அப்படி வந்தால் என்னைப் போலத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே வைத்தியரிடம் போய்ச் சுழியோடியதைச் சொல்லுங்கள்.

கலாபகோஸிலும் இதே கதைதான். திரும்பும் விமானங்கள் குயிட்டோ வழியாகவும் குவாயாகில் வழியாகவும் போகும். குயிட்டோ நகரம் 2850 மீற்றரில், நம் பீதுருதாலகாலை உச்சியைவிட உயரத்தில் இருக்கிறது. குவாயாகில் கடல்மட்டத்தில். கடைசிச் சுழியோட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள், முடிந்தால் ஒரு முழு நாள். நிலாவெளியிலிருந்து ஹட்டனுக்கு வருகிறவர்களுக்கும் அதே 18 மணி நேரம். அன்றிரவு திருகோணமலையில் தங்கலாம், தம்புள்ளையிலும் தங்கலாம். இரண்டும் தாழ்ந்த இடங்கள். கண்டிக்கு மேலே மறுநாள் ஏறுங்கள்.