ஈறில் ரத்தம் வந்தால் எதிர்ப்பு சக்தி குறைவு என்று அர்த்தமா?

வணக்கம் நண்பர்களே. "பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, எதிர்ப்பு சக்தி கூட என்ன சாப்பிடலாம்?" என்று நிறைய பேர் கமெண்ட்டில் கேட்டிருந்தீர்கள். நெல்லிக்காய் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் ஈறு நோயில் பெரும்பாலும் எதிர்ப்பு சக்திக்குப் பஞ்சம் இல்லை. வெள்ளை அணுக்கள் அங்கே கும்பலாகத்தான் நிற்கின்றன. வேலைதான் நடப்பதில்லை.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு இருக்கிறது. அங்கே காவலுக்கு வருவது நியூட்ரோஃபில். நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் இதுதான். கிருமியை விழுங்கிக் கொல்வது இதன் வேலை. பிறவியிலேயே மரபணுக் கோளாறால் நியூட்ரோஃபில்கள் ரத்தக் குழாயை விட்டு வெளியே வர முடியாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்குச் சின்ன வயதிலேயே ஈறு கெட்டு, பற்கள் ஆடி விழுந்துவிடும்.

சரி, அப்படிப்பட்ட அணுவை யார் முடக்குவது? போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா. பெயர்தான் நீளம், கூட்டத்தில் இது ரொம்பச் சொற்பம். 2011இல் ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸ் என்ற ஆய்வாளரின் குழு எலிகளில் பார்த்தபோது, வாயில் உள்ள மொத்த பாக்டீரியாவில் இது 0.01 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்தது. வேறு கிருமியே இல்லாத எலிக்கு இதை மட்டும் கொடுத்தால் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை! அதாவது இது மற்ற பாக்டீரியாக்களை வைத்துத்தான் காரியத்தை நடத்துகிறது.

எப்படி என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. இந்தப் பாக்டீரியா ஜிஞ்சிபெய்ன் என்ற நொதியைச் சுரக்கிறது. அது நம் ரத்தத்தில் உள்ள சி5 என்ற புரதத்தை வெட்டி, சி5ஏ என்ற துண்டை உண்டாக்குகிறது. சி5ஏ என்பது நியூட்ரோஃபில்களைக் கூப்பிடும் சமிக்ஞை. தன்னைக் கொல்ல வருபவனைத் தானே கூப்பிடுகிறதே, பைத்தியமா? இல்லை. வந்த அணுவின் மேல் சமிக்ஞையை வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன. சி5ஏவுக்கு ஒன்று, டிஎல்ஆர்2 என்று இன்னொன்று. சி5ஏ தன் ஏற்பியைத் தொடும் அதே நேரத்தில் பாக்டீரியா டிஎல்ஆர்2ஐத் தொடுகிறது. இரண்டும் சேர்ந்ததும், கிருமியைக் கொல்வதற்குத் தேவையான மைடி88 என்ற புரதம் அணுவுக்குள்ளேயே அழிக்கப்படுகிறது. பிஐ3கே என்ற வேறொரு பாதை திறக்கிறது. அது விழுங்கும் வேலையை நிறுத்திவிடும், அழற்சியை, அதாவது சிவந்து வீங்குவதை, மட்டும் விடாமல் நடத்தும். அதே குழு 2014இல் இதை விளக்கியது.

அழற்சி எதற்கு? சாப்பாட்டுக்குத்தான். இந்தப் பாக்டீரியா சர்க்கரையை நம்பி வாழ்வதில்லை. சிதைந்த திசுவின் புரதத் துண்டுகளும், ரத்தத்திலிருந்து வரும் இரும்புச் சத்தும்தான் இதற்கு வேண்டும். ஈறு வீங்கிக் கசிந்தால் இதற்கு விருந்து. பக்கத்தில் இருக்கும் மற்ற கிருமிகளும் அடி வாங்காமல் பெருகிவிடும். நியூட்ரோஃபிலின் சொந்த நொதிகளே வெளியே சிந்தி, நம் திசுவைத்தான் அரிக்கின்றன.

இதனால்தான் "பூஸ்டர்" என்று விற்கும் பொடிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அழற்சியைத் தூண்டுவதல்ல, அடக்குவதுதான் இங்கே தேவை. ஏஎம்ஒய்-101 என்ற சோதனை மருந்து, சி5 இருக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்த சி3 என்ற புரதத்தைத் தடுக்கிறது. ஈறில் ஊசியாகப் போட்டு நடந்த சிறிய சோதனையில் அழற்சி குறைந்ததாக 2021இல் முடிவு வந்தது.

இப்போதைக்கு நம் கையில் இருப்பது ஸ்கேலிங், அதாவது பல்லில் கெட்டியாகப் படிந்த காரையைப் பல் டாக்டர் சுரண்டி எடுப்பது. அது செய்தால் பல் ஆடும் என்று பயப்படுகிறீர்கள். ஆட வைப்பது ஏற்கெனவே கரைந்த எலும்பு. காரை அதை மறைத்துக்கொண்டு இருந்திருக்கும், அவ்வளவுதான். அப்புறம், சிகரெட் பிடிப்பவர்கள் கவனியுங்கள்: புகை ஈறின் ரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். உங்களுக்கு ரத்தம் வரவில்லை என்றாலும் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.