குழியா, குளியா?

(கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த மிதிவண்டிப் பயணத்தின் கடைசிக்கு முந்தைய நாள் இரவு, சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் நடந்த வரவேற்பில் பேசியது)

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, இரண்டு நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு மூன்றாவதாக எங்களைப் பார்க்க வந்திருக்கிறீர்கள், நன்றி. இந்திய நற்பணிச் செயற்குழுத் தலைவர் அவர்களே, கையில் பொன்னாடையோடு காத்திருக்கும் பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து என் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கும் தமிழாசிரியர்களே, இடியாப்பம் ஆறிவிடும் என்று சைகை காட்டும் மகளிர் பிரிவினரே! யாரையாவது விட்டிருந்தால் ஆறு நாள் வெயிலைக் குறை சொல்லுங்கள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். நான் மேடையேறினால் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். கோலாலம்பூரில் கிளம்பியபோது 14 பேர். போர்ட்டிக்சன், மலாக்கா, மூவார், பத்து பகாட், பொந்தியான் என்று கடலோரமாகவே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஊர்ந்து, இன்று மதியம் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் ஜொகூர் பாலத்தைக் கடந்தோம். 1924இல் திறந்த பாலம் அது. இன்னொரு வழியான துவாஸ் பாலத்தில் சைக்கிளை விடமாட்டார்கள். அதனால் இங்கேதான் மோட்டார்சைக்கிள்களோடு புகையைக் குடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம்.

இன்று மூன்று விஷயம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன்: பாதுகாப்பு, உடல்நலம், செலவுக் கணக்கு. பாதுகாப்பில் ஒன்று மட்டும். 2022 ஜனவரி முதல் நம் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஒரு குழுவின் நீளம் ஐந்து சைக்கிளைத் தாண்டக்கூடாது. இரண்டிரண்டாகப் போனாலும் பத்துப் பேர்தான். ஆகவே நாளை இரண்டு குழுவாகப் பிரிகிறோம். சரி, இப்போது குழிக் கதைக்கு வருகிறேன்.

கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் பள்ளத்தைப் பார்த்தால் கத்த வேண்டும், பின்னால் வருபவர்களுக்குச் சாலை தெரியாது. அந்தக் கூச்சலெல்லாம் தமிழில்தான் என்று முதல் நாளே சட்டம் போட்டேன். 'குழி', 'பின்னால வண்டி', 'மெதுவா'. பத்து பகாட் தாண்டி நல்ல மழை. உயர்நிலை இரண்டில் படிக்கும் நம் தம்பி முன்னால், அவன் தாத்தா அடுத்து. தம்பி திரும்பி, "தாத்தா, குளி! குளி!" என்று கத்துகிறான். தாத்தாவுக்கு ஒரே குழப்பம். "டேய், காலையிலேயே குளிச்சாச்சுடா!" என்று பதில் சொல்லிக்கொண்டே போனவர், தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் முன்சக்கரத்தை இறக்கினார். அப்புறம் என்ன? பேரன் சொன்னபடியே குளித்து எழுந்தார். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எதிரே கடை வைத்திருந்த மலாய் அம்மா துண்டும் சூடாகத் தே தாரேக்கும், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீரும், கொடுத்தார், காசு வாங்கவில்லை. தாத்தா அந்தத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பேரனுக்கு அங்கேயே ழகரப் பாடம் நடத்தினார். நாங்கள் பதினான்கு பேரும் சேர்ந்து சொன்னோம். சத்தியமாக, எங்களில் நாலு பேருக்கு வரவில்லை!

சிரித்துவிட்டீர்கள். இப்போது மலாக்காவில் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. மலாக்கா செட்டி மக்களின் கோயில். சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள். பொங்கல் வைக்கிறார்கள், முன்னோர்க்குப் படைக்கிறார்கள். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அவர்களைக் குறை சொல்லவில்லை, கோயிலை இத்தனை காலம் காத்தவர்கள் அவர்கள். ஆனால் எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இந்தப் பக்கமும் வேலை செய்யும் ஐயா! தினம் ஒரு சொல்லாகத்தான் போயிருக்கும். 'சாப்பிட வா' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும் வீடு இந்த அடுக்குமாடிப் புளோக்கிலேயே எத்தனை? என் வீட்டையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அதனால் நாடாளுமன்ற உறுப்பினர் முன்னிலையில் கேட்கிறேன். ஞாயிறு காலைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டுவோம். கட்டணம் இல்லை, சைக்கிள் இல்லாதவர்களுக்கு நாங்கள் தருகிறோம். ஒரே நிபந்தனை, அந்த ஒரு மணி நேரம் தமிழ். வாசலில் பெயர் கொடுங்கள். உடல்நலம் பற்றி மருத்துவர் பேசுவார், கணக்கைச் செயலாளர் ஒட்டிவைப்பார்.

நாளைக் காலை ஆறரைக்குக் கிளம்பி சிராங்கூன் சாலையில் முடிக்கிறோம். தலைக்கவசம் இல்லாமல் வராதீர்கள். முதல் குழுவுக்கு முன்னால் போவது அதே தம்பிதான். மேசைக்கடியில் இப்போதுகூட 'குழி, குழி' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தாத்தா இரண்டாவது குழுவுக்கு மாறிவிட்டார்.