பீப்பாய் திறந்தால் மூன்று நாள்

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே,

இன்றைய பேச்சின் தலைப்பை அழைப்பிதழில் பார்த்ததும் என் அக்கா தொலைபேசியில் அழைத்து, "உனக்குப் பேச வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று கேட்டாள். இந்த மேசையில் எனக்கு வைத்திருப்பது தண்ணீர்தான் என்பதை அவளுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம், பொது வீடு. அதை மதுக்கடை என்று மொழிபெயர்த்தால் மது வந்துவிடும், வீடு விடுபட்டுப் போகும். இங்கிலாந்தின் கிராமங்களில் அந்த வீடு எப்படி நிலைத்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. அது நிலவறையில் கிடக்கும் பீப்பாயிலிருந்து தொடங்குகிறது.

அதற்கு முன் என் அறியாமையைச் சொல்ல வேண்டும். ரெடிங் நகரில் வேலை பார்த்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராமத்துப் பப் ஒன்றுக்குப் போய், ஓட்டலில் உட்காருவதுபோல மேசையில் உட்கார்ந்துகொண்டேன். இருபது நிமிடம் ஆகியும் யாரும் வரவில்லை. நிறம் பார்த்து ஒதுக்குகிறார்களோ என்றுகூட மனம் போனது. பக்கத்து மேசைப் பெண்மணி குனிந்து, "நீங்கள்தான் எழுந்து போய்க் கேட்க வேண்டும்" என்றார். போனேன். மணி மூன்றாகப் போகிறது, சமையல் முடிந்துவிட்டது என்றார்கள். அன்று என் மதிய உணவு ஒரு பாக்கெட் உருளைக்கிழங்கு வறுவல்.

கவுண்ட்டருக்குப் போனாலும் அங்கே வரிசை இருக்காது. எதற்கெடுத்தாலும் வரிசையில் நிற்கும் அந்த மக்கள், பப்பில் மட்டும் கவுண்ட்டர் நெடுக முழங்கை ஊன்றிக் கலைந்து நிற்பார்கள். ஆனால் யாருக்குப் பின் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறி நம்மை முதலில் கேட்டுவிட்டால், "இவர் எனக்கு முன்னால் வந்தவர்" என்று அடுத்தவரைக் காட்ட வேண்டும். நோட்டை ஆட்டி அழைத்தீர்களோ, கடைசியில்தான் உங்கள் முறை வரும்.

இப்போது பீப்பாய்க்கு வருவோம். பாட்டில் பீர் பெரும்பாலும் ஆலையிலேயே முடிந்துபோன சரக்கு. பீப்பாயில் வரும் ஏல், அதாவது ஆங்கிலேயரின் பழைய வகை பீர், அப்படி இல்லை. நொதிக்க வைக்கும் ஈஸ்ட் உயிரோடிருக்கும்போதே ஏலைப் பீப்பாயில் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். கடைசி நொதிப்பு பப்பின் நிலவறையில், 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் நடக்கிறது. பீப்பாயைப் படுக்க வைத்து, மேல் துளையில் காற்று கசியும் மென்மரத்தால் ஒரு முளை அடிப்பார்கள். உள்ளே ஈஸ்ட் மூச்சு விடுவது முளையைச் சுற்றி நுரையாகத் தெரியும். துடைப்பார்கள், மறுபடி நுரைக்கும். நுரை அடங்கினால் கெட்டியான முளைக்கு மாற்றி, வண்டல் அடியில் இறங்கும்வரை காத்திருப்பார்கள். வண்டல் சீக்கிரம் இறங்குவதற்காக மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பதும் பழைய வழக்கம்தான். சைவர்கள் இந்த ஒரு வரிக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

தயாரானதும் கவுண்ட்டரில் இருக்கும் நீளக் கைப்பிடியை இழுத்து மேலே ஏற்றுவார்கள். பூட்டுகளுக்குப் பெயர்போன ஜோசப் பிராமா 1797இல் இந்தக் கைப்பம்புக்குக் காப்புரிமை பெற்றார். வாயு அழுத்தம் கிடையாது, கையின் பலம்தான். முதன்முதலில் குடித்தபோது, ஆறிப்போனதைக் கொடுத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். பனிக்கட்டிக் குளிர்ச்சிக்குப் பழகிய நாக்குக்கு அப்படித்தான் இருக்கும். இரண்டாவது மிடறில் ரொட்டியின் மேல்தோல் வாசனை வந்தது, பிறகு ஹாப் பூவின் கசப்பு. அந்தக் கசப்புக்கு நம் நாட்டோடும் ஓர் உறவு உண்டு. கப்பலில் மாதக்கணக்கில் கெடாமல் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்துசேர ஹாப்பைக் கூடுதலாகப் போட்டார்கள். அந்த வகைதான் இந்தியா பேல் ஏல் என்று பெயர் வாங்கியது.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். மேலே ஒரு பைன்ட் இழுத்தால் கீழே அந்த அளவுக்குக் காற்று உள்ளே புகுகிறது. காற்று பட்ட ஏல் மூன்று நாள்போல நன்றாக இருக்கும், பிறகு புளிக்கத் தொடங்கும். வழக்கமான சிறு பீப்பாயில் 9 கேலன், அதாவது 72 பைன்ட். ஒரு பைன்ட் 568 மில்லிலிட்டர். நாளொன்றுக்கு 24 பைன்ட் போயாக வேண்டும். ஒரு குடிகாரரை வைத்துக்கொண்டு இது ஆகாது. உழவர், பாதிரியார், நாயோடு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று ஊரே ஆளுக்கு ஒன்றிரண்டு குடித்தால்தான் பீப்பாய் தீரும். ஊர் கூடுவதற்காக ஏல் காய்ச்சினார்களா, ஏல் கெடாமலிருக்க ஊர் கூடியதா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். வரலாற்றாசிரியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெரிய ஆலைகள் இந்தத் தொல்லையை ஒழிக்கப் பார்த்தன. வடிகட்டி, ஈஸ்டைக் கொன்று, வாயு அழுத்தத்தோடு அடைத்த பீர் 1960களில் பரவியது. வாரக்கணக்கில் கெடாது, ஊரும் தேவையில்லை. இதைப் பொறுக்காத நான்கு இளைஞர்கள் 1971இல் 'கம்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். உண்மையான ஏலுக்கான இயக்கம் என்னும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. பீப்பாய் ஏல் பிழைத்ததில் பெரும்பங்கு அவர்களுடையது.

அந்த இயக்கம் 1990இலும் 2019இலும் நாட்டின் சிறந்த பப் என்று தேர்ந்தெடுத்தது ஆல்டுவொர்த் கிராமத்து 'பெல் இன்'னை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் பப் அது. கோரிங் ரயில் நிலையத்தில் இறங்கி, தேம்ஸைக் கடந்து, மேட்டில் ஏறி ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். ரிட்ஜ்வே என்னும் பழம்பாதை அருகில் இருப்பதால் பூட்ஸில் சேறு அப்பியவர்கள்தான் வாசல் முழுக்க. இங்கே கவுண்ட்டரே கிடையாது. சிறு சன்னல் வழியாகத் தருகிறார்கள். சாப்பாடும் சுருக்கம்தான்: சூடான உருண்டை ரொட்டியைப் பிளந்து சீஸோ ஹாமோ வைத்துத் தருவது, சூப். ரொட்டியின் மேல்தோல் பல்லில் நொறுங்கி, உள்ளே சீஸ் இளகியிருந்தது. மற்றப் பப்களில் 'உழவர் மதிய உணவு' என்று ரொட்டி, சீஸ், வெங்காய ஊறுகாய் கொண்ட தட்டு ஒன்று கிடைக்கும். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அந்தப் பெயரைப் பரப்பியவர்கள் 1950, 60களில் சீஸ் விற்றவர்கள்.

பப் மூடினால் ஊருக்கு என்ன ஆகும் என்பதை வட இங்கிலாந்தில் கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்து மக்கள் யோசித்துப் பார்த்தார்கள். அங்குள்ள 'ஓல்டு கிரவுன்' பப்பை 2003இல் பங்கு போட்டுக் கூட்டுறவாக வாங்கினார்கள். பின்கட்டில் இருக்கும் ஆலையை அதற்கு முன்பே வாங்கியிருந்தார்கள். பீப்பாயும் அவர்களுடையது, அதைத் தீர்க்கும் பொறுப்பும் அவர்களுடையது.

ஊர் திரும்புவதற்கு முன் கடைசியாகப் போன பப்பில் இரண்டாவது பைன்ட் கேட்டேன். கைப்பிடி இரண்டு முறை இருமியது, நுரைதான் வந்தது. பரிமாறியவர் ஒன்றும் சொல்லாமல், கைப்பிடியில் மாட்டியிருந்த பெயர்ப்பட்டையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தார். பீப்பாய் தீர்ந்தது என்று அதற்கு அர்த்தம். பக்கத்திலிருந்த முதியவர் தம் கிளாஸில் கால்வாசி மீதமிருந்த ஏலை என் பக்கம் தூக்கிக் காட்டினார். எனக்குத்தான் தரப்போகிறார் என்று கை நீட்டிவிட்டேன். அவர் தலையசைத்து வணங்கி, அதைத் தாமே குடித்து முடித்தார்.