ஹப்போடு சேர மறுக்கும் சாதனம்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு பல்பு, சுவிட்ச், சென்சார்களையெல்லாம் ஒன்றாக இணைத்து ஆளும் பெட்டிதான் ஸ்மார்ட் வீட்டின் ஹப். அதில் புதுச் சாதனம் ஒன்றைச் சேர்க்க ஆப்பைத் திறந்து ‘சாதனம் சேர்’ என்பதை அழுத்துகிறோம். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வந்து நிற்கிறது. உடனே பலரும் ஹப்பை ரீசெட் செய்யப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் மற்ற எல்லாச் சாதனங்களையும் ஹப் மறந்துவிடும். ஒன்றைச் சேர்க்கப் போய் இருபதைத் திரும்பச் சேர்க்க வேண்டியதாகிவிடும். கோளாறு பெரும்பாலும் புதிதாகச் சேரவேண்டிய சாதனத்தின் பக்கம்தான் இருக்கும்.

அட்டைப்பெட்டியை ஒருமுறை பாருங்கள். சிக்பீ, இசட்-வேவ், திரெட், வைஃபை எல்லாம் சாதனங்கள் கம்பியில்லாமல் பேசும் மொழிகள். இவற்றில் எதன் முத்திரை இருக்கிறது? உங்கள் ஹப்புக்கு அது தெரியுமா? சிக்பீயும் திரெட்டும் ஒரே அலைவரிசையில், ஒரே வகை ரேடியோவில்தான் பேசுகின்றன. ஆனாலும் சிக்பீ மட்டும் தெரிந்த ஹப்புக்கு திரெட் சாதனம் கண்ணில் படாது. இசட்-வேவில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐரோப்பாவுக்கான சாதனம் 868.42 மெகாஹெர்ட்ஸில் பேசும், அமெரிக்காவுக்கானது 908.42-இல். வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த சுவிட்ச் உங்கள் ஊர் ஹப்போடு சேரவில்லை என்றால் எத்தனை முறை ரீசெட் செய்தும் பயனில்லை. இரண்டின் காதும் வேறு வேறு.

முத்திரை பொருந்துகிறது, அப்படியும் சேரவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஒன்றைத்தான்: சாதனம் பழைய ஹப்பை இன்னும் மறக்கவில்லை. சிக்பீ சென்சார் ஒரு வலையில், அதாவது ஒரு ஹப்பும் அதன் சாதனங்களும் சேர்ந்த நெட்வொர்க்கில், சேர்ந்ததும் அந்த வலையின் அடையாளத்தையும் பூட்டுச் சாவியையும் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அது அழியாது. ஆப்பில் ‘நீக்கு’ என்று அழுத்தினால் போதும் என்று நினைக்கிறோம். அந்த நேரத்தில் சென்சார் தூங்கிக்கொண்டிருந்தாலோ பேட்டரி தீர்ந்திருந்தாலோ ‘வெளியே போ’ என்ற செய்தி அதற்குப் போய்ச் சேராது. ஹப் அதை மறந்துவிட்டது, அது ஹப்பை மறக்கவில்லை. புது வலையைத் தேடாமல், இல்லாத பழைய வீட்டையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பிறர் பயன்படுத்திய சாதனத்தை வாங்கினாலும் இதே கதைதான்.

ஆகவே சாதனத்தை ரீசெட் செய்ய வேண்டும். ஒரு கதவு சென்சாரை எடுத்துக்கொள்வோம். ஓரத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும், அல்லது ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. முதலில் ஆப்பில் ‘சாதனம் சேர்’ என்பதை அழுத்துங்கள், ஹப் சில நிமிடங்களுக்குத்தான் புதுச் சாதனத்துக்காகக் காத்திருக்கும். பிறகு பொத்தானை ஐந்து முதல் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். எல்இடி விட்டுவிட்டு மின்னத் தொடங்கியதும் விடுங்கள். ஒரே ஒருமுறை மின்னி அணைந்தால் அது ரீசெட் ஆகவில்லை, ‘நான் விழித்திருக்கிறேன்’ என்று மட்டும் சொல்கிறது. ரீசெட் ஆனதும் ஹப் அதை விசாரிக்கத் தொடங்கும்: நீ யார், என்ன மாடல், எதை அளக்கிறாய்? இந்த விசாரணை நடுவே சென்சார் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிப்போய்விடுகிறது. ஆப்பில் பெயரில்லாத ஏதோ ஒரு சாதனம் என்று வருவது இதனால்தான். விநாடிக்கு ஒருமுறை பொத்தானை லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள். முழு விவரமும் வரும்வரை தூங்க விடாதீர்கள்.

பல்புகளில் பொத்தான் கிடையாது. சுவிட்சைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் போட்டு அணைக்க வேண்டும். ஐகியாவின் சிக்பீ பல்புக்கு ஆறு முறை. ஃபிலிப்ஸ் ஹ்யூ பல்பில் இந்த வித்தை பலிக்காது. அதன் மேல் அச்சிட்ட ஆறு எழுத்து வரிசை எண்ணை ஹ்யூ ஆப்பில் தட்டச்சு செய்து தேட வேண்டும். இசட்-வேவ் சாதனமா? சேர்ப்பதற்கு முன் ஹப்பில் விலக்கல் முறையை (எக்ஸ்க்ளூஷன்) ஒருமுறை ஓட்டிவிடுங்கள், சாதனம் பழைய ஹப்பை மறந்துவிடும். பழைய ஹப் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எந்த இசட்-வேவ் ஹப்பாலும் விலக்க முடியும்.

ரீசெட்டுக்கும் மசியவில்லை என்றால் பேட்டரி. சிஆர்2032 பேட்டரியை மல்ட்டிமீட்டரில் வைத்தால் கிட்டத்தட்ட 3 வோல்ட் காட்டும், நாமும் நல்லது என்று நம்பிவிடுவோம். சென்சார் வலையில் சேரும் நேரத்தில் ரேடியோ திரும்பத் திரும்ப அனுப்புகிறது, மின்னோட்டம் சட்டென்று ஏறுகிறது, அந்தச் சுமையில் பழைய பேட்டரி துவண்டுவிடுகிறது. சும்மா அளந்தால் இது தெரியாது. புது பேட்டரி போட்டுப் பார்ப்பதே சுருக்கமான வழி.

அடுத்து இரைச்சல். சிக்பீக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 முதல் 26 வரை பதினாறு சேனல்கள். வைஃபையும் அதே இடத்தில்தான் கத்துகிறது, அதுவும் பல மடங்கு பலத்த குரலில். வைஃபை சேனல் 1, 6, 11 என்று இருந்தால் சிக்பீக்கு மூச்சுவிட இடம் 15, 20, 25. சிலர் 26-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள்; சில சாதனங்கள் அந்தச் சேனலை எட்டிக்கூடப் பார்க்காது, அதனால் நான் அதை விட்டுவிடச் சொல்வேன். ஒன்று நினைவிருக்கட்டும்: ஓடும் வலையின் சேனலை மாற்றினால் பேட்டரி சென்சார்கள் பல தொலைந்துபோகும், மறுபடி சேர்க்க வேண்டிவரும். அதைவிட வைஃபை ரவுட்டரின் சேனலை மாற்றுவது எளிது. யுஎஸ்பி குச்சி வடிவ ஹப் வைத்திருப்பவர்கள் அதை யுஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். அந்தத் துளையும் பக்கத்து ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கக்கும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டு, யுஎஸ்பி 2 துளையில் செருகித் தள்ளி வையுங்கள். கேலிக்குரிய வைத்தியம் போலத் தோன்றும், ஆனால் பலிக்கும்.

ஹப்புக்குப் பக்கத்தில் சேர்த்துவிட்டு மூன்றாவது அறைக்குக் கொண்டுபோனதும் அறுந்துவிடுகிறதா? சிக்பீயில் தூரத்துச் சென்சாரின் செய்தியை நடுவில் இருக்கும் பிளக், பல்பு போன்றவை ஹப்புக்குக் கைமாற்றிவிடும். ஆனால் சில சென்சார்கள் முதலில் பிடித்த கையை விடாது. நடுவே, செருகியபடியே இருக்கும் சிக்பீ பிளக் ஒன்றைப் போட்டு, சென்சாரை அது இருக்கவேண்டிய இடத்திலேயே வைத்துச் சேர்த்துவிடுங்கள். சுவரில் அணைக்கப்படும் பல்பை நம்ப வேண்டாம். அணைத்த கணமே அதன் வழியே பேசியவை அனாதையாகிவிடும்.

வைஃபை சாதனங்களுக்குச் சுருக்கமாக: பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. ரவுட்டரில் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2-வையும் அனுமதியுங்கள். விருந்தினர் நெட்வொர்க்கில் சேர்க்காதீர்கள், அங்கே சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. போனில் ஆப்புக்கு புளூடூத், இருப்பிடம், உள்ளூர் நெட்வொர்க் ஆகிய மூன்று அனுமதிகளும் வேண்டும்.

பல நிறுவனங்களின் சாதனங்களும் சேர்ந்து இயங்குவதற்கான பொதுத் தரம் மேட்டர். அதன் முத்திரை உள்ளவற்றில் க்யூஆர் குறியும் அதன் கீழ் 11 இலக்க எண்ணும் இருக்கும். ரீசெட் செய்தால் அந்த எண் திரும்பவும் தேவைப்படும். பல்பைக் கூரையில் மாட்டுவதற்கு முன்னால் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஏணி போட்டு ஏறி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.